வடக்கு ஜன்னலும் ராணி பிங்க் வளையலும்

மதுரையில் வீட்டிலிருந்தே பட்டு நூல் வளையலும் ஜிமிக்கியும் செய்து வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்கிற பெண்களிடம் பேசிப் பாருங்கள். நூல் சுற்றுவதோ கல் ஒட்டுவதோ அவர்களுக்குப் பெரிய பாடில்லை. பார்சல் போய்ச் சேர்ந்த பிறகு வருகிற மெசேஜ்தான் வயிற்றைக் கலக்கும்: "அக்கா, போட்டோல ராணி பிங்க் மாதிரி இருந்துச்சு, இது வேற கலரா இருக்கே!" புடவைக்கு மேட்சாகக் கேட்டு வாங்குகிறவர்களுக்கு நிறம் ஒரு சாயல் தள்ளினாலும் அந்த நகை உதவாது. ராமர் பச்சை, மயில் கழுத்து, மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் வழங்கும் எம்.எஸ். ப்ளூ என்று நிறங்களைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிற ஊர் இது. செய்தவர் ஏமாற்றவில்லை, வாங்கியவர் பார்வையிலும் பிழையில்லை. நடுவில் இருக்கும் கேமராதான் நிறத்தை ஊகித்துச் சொல்கிறது.

குண்டு பல்பு வெளிச்சம் மஞ்சள். ஆனாலும் அந்த அறைக்குள் சற்று நேரம் இருந்துவிட்டால் வெள்ளை வேட்டி வெள்ளையாகவே தெரியும். கண்ணும் மூளையும் சேர்ந்து மஞ்சளைக் கழித்துவிடுகின்றன. கேமராவும் இதே கழித்தல் கணக்கைப் போட்டாக வேண்டும். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் அளவில் சொல்வார்கள். குண்டு பல்பு சுமார் 2,700, நடுப்பகல் வெயில் சுமார் 5,500, நீல வானத்தின் ஒளி மட்டும் விழுகிற நிழல் 7,000-க்கு மேலும் போகும். எண் ஏற ஏற நீலம் கூடும். எந்த வெளிச்சத்தில் படம் எடுக்கிறோம் என்று போனுக்கு யாரும் சொல்வதில்லை. ஒரு காட்சியின் எல்லா நிறங்களையும் கலந்தால் சராசரியாகச் சாம்பல் வரும் என்பது கேமராக்கள் வெகுகாலமாகப் பிடித்துவரும் விதி. இன்றைய போன்கள் அதற்கு மேல் பல கணக்குகளைப் போடுகின்றன. இருந்தாலும் ஏமாறுகிற இடம் இன்னும் அதுதான். சிவப்பு வளையலைச் சிவப்பு ஜாக்கெட் துணிமேல் வைத்து எடுத்தால், வெளிச்சமே சிவப்பு என்று முடிவுகட்டிச் சிவப்பைக் குறைத்துவிடும். படத்தில் சாயம் போன வளையல் வரும்.

வெளிச்சத்தின் அளவிலும் இதே கதை. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் என்று எண்ணியே கேமரா அளக்கிறது. வெள்ளைத் தெர்மாகோல் அழுக்கேறியது போலவும் கறுப்பு வெல்வெட் வெளிறிப்போயும் விழுவது இதனால்தான். திரையில் வளையலைத் தொட்டால் பெரும்பாலான போன்களில் பக்கத்தில் ஒரு சின்னச் சூரியன் வரும். வெள்ளைப் பின்னணி என்றால் அதைக் கொஞ்சம் மேலே தள்ள வேண்டும், கறுப்பு என்றால் கீழே.

வீட்டுச் சுவரையும் பார்க்க வேண்டும். இளம்பச்சை, ரோஸ், ஊதா என்று நம் வீடுகளில் அறைக்கொரு வண்ணம். பச்சைச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி பச்சை கலந்தே வளையலில் விழும். ஜன்னல் வெளிச்சம் போதவில்லை என்று டியூப் லைட்டையும் போட்டால் நிலைமை மோசமாகும். ஒரு பக்கம் ஒரு நிறம், மறுபக்கம் இன்னொன்று. எந்த ஆப்பாலும் இரண்டையும் ஒருசேரத் திருத்த முடியாது. விளக்கை அணைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் ஒரு வெள்ளைச் சார்ட் அட்டையை நிறுத்துவதே நல்லது.

சரி, எந்த ஜன்னல்? புத்தகத்தைத் திறந்தாலும் வீடியோவைப் பார்த்தாலும் வடக்கு ஜன்னல் என்றே சொல்வார்கள். லண்டனில், நியூயார்க்கில் எழுதிய பாடம் அது. அங்கே உச்சிச் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கில்தான் நிற்கும். மதுரையோ பூமத்திய ரேகைக்கு வடக்கே 10 பாகைக்கும் சற்றுக் குறைவான இடத்தில் இருக்கிறது. சித்திரை பிறந்த இரண்டு மூன்று நாளில் உச்சிப்பொழுதுச் சூரியன் நம் தலைக்கு நேரே வந்துவிடும். அப்புறம் வடக்கே போய், ஜூன் 21 வாக்கில் உச்சியிலிருந்து சுமார் 13.5 பாகை விலகி, திரும்பி, ஆகஸ்ட் 27 வாக்கில் மறுபடி தலைக்கு நேரே வரும். இடைப்பட்ட நான்கு மாதத்துக்கும் மேலான காலத்தில் விடிந்ததிலிருந்து அடையும் வரை சூரியன் வானத்தின் வடபாதியிலேயே இருக்கிறது. உச்சி வெயிலைச் சன்ஷேடு தடுக்கலாம். காலை, மாலைச் சாய்வெயில் வடக்கு ஜன்னலுக்குள் வரத்தான் செய்யும். அந்த மாதங்களில் தெற்கு ஜன்னலில் நேர்வெயில் நாள் முழுக்க எட்டிப்பார்க்காது. வெள்ளைத் துணி கட்டாமலே நகைக்குத் தோதான மெத்தென்ற வெளிச்சம் அங்கே கிடைக்கும். செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் 20 வரை வடக்கு ஜன்னலுக்கு மாறிக்கொள்ளலாம். அப்போது புத்தகம் சொல்வது நமக்கும் சரி. இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. பல ஆயிரம் ரூபாய் விளக்கு வாங்குவதற்கு முன் ஒவ்வொருவரும் தம் வீட்டு ஜன்னல்களைக் கவனிக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எல்லா நகைக்கும் ஒரே வெளிச்சம் ஆகாது. சுடுமண் நகையில் பளபளப்பு குறைவு. அதன் அழகு விரல் அழுத்திய கோடுகளிலும் பொறித்த புள்ளிகளிலும் இருக்கிறது. வெளிச்சம் பக்கவாட்டில் தாழ்வாக வந்தால் ஒவ்வொரு குழியிலும் சிறு நிழல் விழுந்து வேலைப்பாடு எழுந்து நிற்கும். பட்டு நூல் வேறு ரகம். இழைகள் ஒரே திசையில் நெருக்கமாகக் கிடப்பதால் பளபளப்பு அவற்றின் குறுக்கே ஒரு கோடாக ஓடும். ஜன்னல் ஓரம் வளையலை வைத்து மெல்லத் திருப்புங்கள். அந்தக் கோடு கூடவே நகரும், ஓரிடத்தில் அகன்று மினுங்கும். அங்கே நிறுத்தி எடுக்க வேண்டும். தங்க முலாம் பூசிய பகுதிகளோ கண்ணாடி மாதிரி எதிரே உள்ளதை அப்படியே காட்டும். மஞ்சள் உலோகத்தில் தெரிகிற கறுப்புத் திட்டு பெரும்பாலும் எடுப்பவரின் சட்டையும் போனும்தான். சுற்றிலும் வெள்ளை அட்டை வைத்து, கொஞ்சம் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுத்தால் திட்டு குறையும். ஜிமிக்கியின் உருவமும் கோணாது, போனைக் கிட்டே கொண்டுபோனால் கோணும்.

இனி ராணி பிங்க். கேமராவின் சென்சாரில் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று வடிகட்டிகள் உண்டு. அடர்ந்த பிங்க் நூலில் வெளிச்சம் கொஞ்சம் கூடினாலும் சிவப்பின் அளவு உச்சத்தில் முட்டி நின்றுவிடும். அதற்கு மேல் உள்ள ஏற்ற இறக்கம் பதிவாகாது. இழை இழையாகத் தெரிய வேண்டிய நூல் பிளாஸ்டிக் பூசியது போலத் தட்டையாகிறது. சின்னச் சூரியனை இங்கே கீழே இழுத்தால் இழைகள் திரும்பும். இணையப் படங்கள் பெரும்பாலும் எஸ்ஆர்ஜிபி என்ற நிற எல்லைக்குள் சேமிக்கப்படுகின்றன. ஹெச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் 1996-ல் முன்வைத்த எல்லை அது. மயில் கழுத்து நீலப்பச்சையில் மிக அடர்ந்த சாயல்கள் அதற்கு வெளியே விழுகின்றன. எவ்வளவு கவனமாக எடுத்தாலும் அவை சற்று மங்கியே வரும்.

உலகின் முதல் வண்ணப் படமாகச் சொல்லப்படுவதும் ஓர் அலங்காரப் பொருளின் படம்தான், கட்டம் போட்ட ரிப்பன் முடிச்சு ஒன்று. ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1861 மே 17-ல் லண்டனில் அதைத் திரையில் காட்டினார். சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியே தாமஸ் சட்டன் எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக விழச் செய்தார். அன்றைய தகடுகளில் சிவப்பு ஒளி பதிவாகவே ஆகாது. பின் எப்படிச் சிவப்பு வந்தது என்பது நூறு ஆண்டு கழித்து, 1961-ல், கோடாக் ஆய்வாளர்களால் விளங்கியது. சிவப்புத் துணி நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியையும் எதிரொளித்திருக்கிறது. வடிகட்டியைத் தாண்டி வந்த அதைத்தான் தகடு பிடித்திருக்கிறது. துணியும் சாயமும் கண்ணுக்குச் சொல்வதும் கேமராவுக்குச் சொல்வதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

நிறத்துக்கு அடுத்த சண்டை அளவில். மதுரைக்கு அருகே கீழடியில் கிடைத்தவை போன்ற அகழாய்வு மணிகளை ஆய்வாளர்கள் படமெடுக்கும்போது பக்கத்தில் ஓர் அளவுகோலை வைப்பார்கள். நகை விற்பவர்களுக்கும் அதே வழிதான் சரி. பலர் ஒரு ரூபாய் நாணயத்தை வைக்கிறார்கள். 25, 22, 20 மில்லிமீட்டர் என மூன்று அளவு நாணயங்கள் வந்திருப்பதால் அது குழப்பும். வளையல் என்றால் 2.4, 2.6 என்ற கடைக்கணக்கோடு மில்லிமீட்டரையும் எழுதிவிடலாம். 2.4 என்றால் இரண்டே கால் அங்குல உள்விட்டம், அதாவது 57 மில்லிமீட்டர், 2.6 என்பது 60.

வாங்குபவரின் திரை நம் கையில் இல்லை. ஒரு போனில் நிறம் தூக்கலாக இருக்கும், இன்னொன்றில் இரவு நேர மஞ்சள் படிந்திருக்கும். அதனால் வளையலைக் கையில் போட்டு, மல்லிகைச் சரம் ஒன்றையும் பக்கத்தில் வைத்து ஒரு படம் கட்டாயம் சேர்க்க வேண்டும். பூவின் வெள்ளையும் தோலின் நிறமும் எல்லாருக்கும் பழக்கம். அவை மஞ்சளாகத் தெரிந்தால் தன் திரையில்தான் மாற்றம் என்று வாங்குபவருக்கே புரியும். அதைக் கழித்துக்கொண்டு வளையலைப் பார்ப்பார்.