காம்ஃப்ரே: வேரிலிருந்து முளைக்கும் உரம்

1870களில் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பகுதியில் ஹென்றி டபிள்டே என்பவர், தபால்தலை ஒட்டும் பசைக்காக ரஷ்யாவிலிருந்து ஒரு செடியை வரவழைத்தார். நினைத்த பசை கிடைக்கவில்லை, காம்ஃப்ரே கிடைத்தது. 1950களில் லாரன்ஸ் ஹில்ஸ் என்பவர், அதே பகுதியில் பாக்கிங் என்ற ஊரில் அதன் பல வகைகளை வளர்த்துப் பார்த்தார். தோட்டத்துக்கு மிக உகந்ததாகத் தேறியது 'பாக்கிங் 14'.

இது விதை பிடிக்காத குளிர்நாட்டுச் செடி. அதனால் கண்ட இடத்தில் முளைக்காது. இரண்டு அங்குல வேர்த்துண்டை அதே அளவு ஆழத்தில் புதைத்தால் போதும்; செடிக்குச் செடி இரண்டு, மூன்று அடி இடைவெளி வேண்டும். ஆனால் இடத்தை நன்கு யோசித்து முடிவு செய்யுங்கள். பிடுங்கி எறிந்தாலும், மண்ணில் தங்கிய வேர் மறுபடி துளிர்த்துவிடும். முதல் ஆண்டு பூந்தண்டைக் கிள்ளிவிட்டுச் செடியை வேரூன்ற விடுங்கள். பிறகு ஆண்டுக்கு நாலைந்து முறை இலை அறுக்கலாம்.

அந்த இலையில் சாம்பல் சத்து மிகுதி. சில வாரம் நீரில் ஊறினால் நாற்றம் குமட்டும்; தக்காளிக்கோ அந்த நீர் அருமையான ஊட்டம்.

மூலிகை என்று யார் சொன்னாலும் இதன் இலையையும் வேரையும் சாப்பிடாதீர்கள். இதிலுள்ள ஆல்கலாய்டுகள் கல்லீரலைக் கெடுக்கும்.