மீன் பிழைத்துவிட்டால் தண்ணீர் நல்ல தண்ணீரா?

நாமக்கல் என்றதும் முட்டையும் லாரியும்தான் நினைவுக்கு வரும். அந்த முட்டைக் கோழிகளின் தீவனத்தில் எண்ணெய் எடுத்த தவிடும் சேருகிறது. தவிட்டிலிருந்து எண்ணெயைப் பிரிக்க ஆலைகளில் பயன்படுவது ஹெக்சேன் என்ற பெட்ரோலிய திரவம். 69 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும். தண்ணீரிலோ லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம்தான் கரையும்.

இப்படிக் கரையவும் மாட்டேன், தங்கவும் மாட்டேன் என்று அடம்பிடிக்கும் ரசாயனம் ஏரியிலோ ஆற்றிலோ கலந்தால் மீன் என்ன ஆகும்? அதைக் கண்டுபிடிப்பது லேசான வேலை இல்லை.

நம் நாட்டில் தொழிற்சாலைக் கழிவுநீருக்கு ஒரு மீன் பரிசோதனை உண்டு. கலப்படமில்லாத கழிவுநீரில் மீன்களை விட வேண்டும். 96 மணி நேரம் கழித்து நூற்றுக்குத் தொண்ணூறு மீன்கள் உயிரோடு இருக்க வேண்டும். சேலம் நகரைக் கடந்து, நாமக்கல் மாவட்டம் வழியாகக் காவிரியில் சேரும் திருமணிமுத்தாற்றில் கலக்கும் சாயக் கழிவு போன்றவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தும். உப்பு நான்கு நாளும் அப்படியே தண்ணீரில் இருக்கும். சாயத்தைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

ஆவியாகும் ரசாயனம் அப்படியல்ல. ஒரு கிண்ணத் தண்ணீரில் கற்பூரத்தைப் போட்டுப் பாருங்கள். கரையாமல் மிதக்கும், நாளாக ஆகத் தேய்ந்து காணாமலே போகும். மீன் தொட்டியில் இன்னும் மோசம். மீன் மூச்சுவிட நாம் மோட்டார் போட்டுக் காற்றுக் குமிழி விடுகிறோம். அந்தக் குமிழிகளே ரசாயனத்தைச் சுமந்துகொண்டு வெளியேறிவிடும். பிறகு மீன் ஜம்மென்று நீந்தும். ரிப்போர்ட்டில் ‘பாஸ்’!

இந்தச் சிக்கலுக்காகவே ஓ.இ.சி.டி. அமைப்பு 23-ம் எண் வழிகாட்டியை 2000-ல் வெளியிட்டது, 2019-ல் திருத்தியது. பாட்டிலை விளிம்புவரை நிரப்பி, காற்றுக்கு இடமில்லாமல் மூடிவிட வேண்டும். தண்ணீரை அடிக்கடி மாற்றலாம், அல்லது ஓடவிடலாம். முக்கியமாக, எவ்வளவு ஊற்றினோம் என்பதை நம்பாமல், தண்ணீரில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வேண்டும். மூடிய பாட்டிலில் மீனுக்கு ஆக்சிஜன் போதாதே? அதனால் பெரிய பாட்டிலில் குறைவான மீன்களை விடுவார்கள். டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளுக்கு அந்தக் கவலை குறைவு, 48 மணி நேரத்தில் சோதனையும் முடிந்துவிடும்.

பெட்ரோல், டீசல் போன்ற கலவை என்றால், தண்ணீரோடு மெதுவாகக் கலக்கி, தெளியவிட்டு, அடித்தண்ணீரை மட்டும் எடுப்பார்கள். மேலே மிதக்கும் படலத்தில் சிக்கிச் சாகும் பூச்சி, விஷத்தால் செத்ததாகக் கணக்கில் வந்துவிடக் கூடாது.

சரியாகச் சோதித்தால் என்ன தெரியும்? ஓடும் தண்ணீரில் வைத்து அளந்தபோது, ஃபேட்ஹெட் மின்னோ என்ற அமெரிக்கச் சிறுமீன்களில் பாதியைக் கொல்ல லிட்டருக்குச் சுமார் 2.5 மில்லிகிராம் ஹெக்சேன் போதுமாக இருந்தது. கரைகிற அந்தக் கொஞ்சத்திலும் கால்வாசி!

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படிந்தது நினைவிருக்கும். எண்ணெய்க் கசிவில் பென்சீன், டொலுவீன் போன்ற லேசான பொருட்கள்தான் முதலில் பறந்துபோகும். தாமதமாக எடுக்கும் மாதிரியில் கரும்பிசின் மட்டுமே மிஞ்சும்.

டேங்கர் லாரிகள் ஓடும் நம் பக்கத்தில் ஏரிக்கரையோரம் ஒன்று கவிழ்ந்தாலும் இதே கதைதான். மாதிரியை அன்றே எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் கேன் உதவாது, கண்ணாடி பாட்டில் வேண்டும். வழிய வழிய நிரப்பி, மூடி, ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். மூடிய பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தால், உள்ளே ஒரு குமிழிகூட ஓடக் கூடாது.