தன்னியக்கத் தரவுத்தளக் காப்பு

தன்னியக்கத் தரவுத்தளக் காப்பு என்பது தரவுத்தளம் ஒன்றின் நகலைக் குறித்த நேரங்களில் மனிதத் தலையீடின்றி எடுத்து வைக்கும் முறையாகும். யுனிக்ஸ் வகை இயக்குதளங்களில் இதற்கு ஷெல் நிரல்கள் பயன்படுகின்றன.

தேவை

மீண்டும் திரட்ட இயலாத தரவுகளுக்கு நகல் இன்றியமையாதது. எடுத்துக்காட்டாக, நீலகிரி மாவட்டம் உதகமண்டலத்திலுள்ள கிரேப்ஸ்-3 ஆய்வகம், 2014 டிசம்பர் 1 அன்று இடிமேகம் ஒன்று கடந்தபோது மியூவான் துகள்களின் வரத்தைப் பதிவு செய்தது. அதிலிருந்து மேகத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ 130 கோடி வோல்ட் எனக் கணிக்கப்பட்டு, 2019இல் வெளியிடப்பட்டது. அந்நிகழ்வை மீண்டும் அளக்க இயலாது.

செயல்முறை

கிரான் என்னும் நேரத் திட்டமிடுநிரல் ஷெல் நிரலை இயக்கும். அது மைசீக்குவெல்டம்ப் போன்ற கருவியால் தரவுகளைக் கோப்பாக்கி, பெயரில் தேதி சேர்த்து, சுருக்கி, வேறொரு கணினிக்கு அனுப்பும். புதிய நகல் சரியாக அமைந்த பின்னரே பழையவற்றை நீக்குதல் வேண்டும். நகலிலிருந்து தரவுகளை அவ்வப்போது மீட்டுச் சோதிப்பதும் அவசியமாகும்.