வயலின் ஏன் முதலில் கீச்சிடுகிறது?

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வாசகர் ஒருவர் வயலின் கற்கத் தொடங்கியிருக்கிறார். சரளி வரிசைக்கே இன்னும் வரவில்லையாம். வெறும் ஸ-ப-ஸ இழுப்பதற்குள் பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தப்படுகிறதாம். “இந்த வயதில் மூளை வளையாதா, இல்லை எனக்குச் சங்கீதமே வராதா?” என்று கேட்கிறார். கூடவே, முப்பது நாளில் வயலின் சொல்லித் தருவதாக விளம்பரம் செய்யும் செயலிக்குப் பணம் கட்டலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

செயலி பற்றிய கேள்விக்குப் பதில் சுலபம்: கட்டாதீர்கள். மூளை விவகாரம் பிறகு. முதலில் கம்பியை விசாரிக்க வேண்டும்.

வீணைக் கம்பியை மீட்டி விட்டுவிட்டால் அது தன்பாட்டுக்கு அதிரும். வயலினில் வில் கம்பியை விடுவதே இல்லை. ரோஸின் என்ற பிசின் பூசிய வில்முடி கம்பியைப் பற்றித் தன்னோடு இழுத்துப் போகிறது. ஒரு கட்டத்தில் கம்பி பிடி நழுவி எதிர்ப்பக்கம் பாய்கிறது. உடனே மறுபடி பற்றல், மறுபடி நழுவல். 440 ஹெர்ட்ஸுக்குச் சுருதி கூட்டிய கம்பியென்றால் நொடிக்கு 440 தடவை.

இந்த நழுவலுக்கு நேரம் குறிப்பது யார்? வில் இழுபடும்போது கம்பி நடுவில் உப்பிய பட்டையாகத்தான் கண்ணுக்குத் தெரியும். அது கண்ணின் மயக்கம். எந்தக் கணத்தில் நிறுத்திப் பார்த்தாலும் கம்பி இரண்டு நேர்கோடுகள்தான். அவை சேரும் இடத்தில் ஒரு கூர்மையான மடிப்பு. அந்த மடிப்பு, கம்பியைத் தாங்கும் மரத்துண்டான குதிரையிலிருந்து மறுமுனைக்கு ஓடி, அங்கே மோதித் திரும்பி, மறுபடி குதிரைக்கு வருகிறது. கம்பியின் நீளம் சுமார் 33 செ.மீ.; ஒரு சுற்றுக்கு 66 செ.மீ. நொடிக்கு 440 சுற்று என்றால் மடிப்பின் வேகம் நொடிக்குக் கிட்டத்தட்ட 290 மீட்டர். அது வில்லைத் தாண்டிக் குதிரையைத் தொட்டுத் திரும்பும் அந்தச் சிறு இடைவெளியில் மட்டும்தான் கம்பி நழுவலாம். வில், குதிரையிலிருந்து கம்பி நீளத்தில் பத்தில் ஒரு பங்கு தள்ளி நிற்கிறது என்று வையுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் பத்தில் ஒன்பது பங்கு நேரம் பற்றல், ஒரு பங்கு நழுவல்.

இதையே ஒரு கதையாகச் சொன்னால்: பால்வாடிக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கும் குழந்தையை அம்மா கையைப் பிடித்து இழுத்துப் போகிறாள். அம்மாதான் வில், குழந்தை கம்பி. திண்ணையிலிருந்து பாட்டி கூப்பிடுகிறாள். அந்தக் குரல்தான் மடிப்பு. குரல் கேட்டதும் குழந்தை கையை உருவிக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடுகிறது, அம்மா பாய்ந்து மறுபடி பிடிக்கிறாள். பாட்டி தவறாமல் தாளத்தில் கூப்பிட, குழந்தை ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் சரியாக ஒருமுறை நழுவினால் அது நாதம். அம்மாவின் பிடி தளர்ந்திருந்தால் பாட்டி கூப்பிடும் முன்பே குழந்தை இன்னொரு தடவை நழுவிவிடும். அப்போது மெலிந்த, விசிலடிக்கும் கீச்சு. பிடி இரும்பாக இருந்தால் பாட்டி கத்தினாலும் குழந்தையால் கையை உருவ முடியாது. கண்ட நேரத்தில் திமிறிக்கொண்டு விழும். அது கரகரப்பு. ரோஸினை அம்மாவின் உள்ளங்கையில் ஒட்டியிருக்கும் கமர்கட் பாகு என்று வைத்துக்கொள்ளலாம். நொடிக்கு 440 முறை கூப்பிட்டால் பாட்டியின் தொண்டை என்னவாகும் என்று மட்டும் கேட்காதீர்கள்.

வரலாறு வேண்டுமென்பவர்களுக்கு: மடிப்பு ஓடுவதை 1860-களில் கண்டுசொன்னவர் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ். அதற்கு விரிவான இயக்கவியல் கணக்கை 1918-இல் எழுதியவர் நம்ம ஊர் சி.வி. ராமன். நோபல் பெற்றுத்தந்த ஒளிச்சிதறலுக்குப் பத்தாண்டு முன்பே கல்கத்தாவில் வயலினோடு மல்லுக்கட்டினார். இயந்திரத்தால் வாசிக்கப்படும் வயலின் ஒன்றை அமைத்து, வில்லுக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு அழுத்தம் வேண்டுமென்று அளந்தார். அந்த அழுத்தத்துக்கு மேல் எல்லை, கீழ் எல்லை இரண்டையும் 1973-இல் ஒரே வரைபடத்தில் போட்டவர் ஷெல்லெங். பெல் ஆய்வகத்தில் வானொலி ஆராய்ச்சி செய்து ஓய்வு பெற்ற அமெரிக்கர். நம் வாசகருக்குப் பிடிக்கும் ஆள்.

அந்த வரைபடம் சொல்வதைத்தான் புதிதாகக் கற்பவர் சுவரில் ஒட்ட வேண்டும். வில்லுக்கும் குதிரைக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால், கரகரப்பு தொடங்கும் மேல் எல்லை இரண்டு மடங்குதான் உயர்கிறது. கீச்சைத் தவிர்க்கத் தேவையான கீழ் எல்லையோ நான்கு மடங்கு உயர்கிறது. அதாவது குதிரையை நெருங்க நெருங்க இரண்டு எல்லைகளுக்கும் நடுவிலுள்ள சந்து குறுகிக்கொண்டே வந்து ஓரிடத்தில் மூடிவிடுகிறது. வித்வான்கள் அந்தச் சந்துக்குள் புகுந்து புறப்படுவார்கள். நமக்கு எதற்கு வம்பு? போதாததற்கு, வில்லை வேகமாக இழுத்தால் இரண்டு எல்லைகளும் சேர்ந்தே மேலே போகும்.

இத்தோடு போகவில்லை. வில்லின் எடை சுமார் 60 கிராம். கைப்பிடிப் பக்கம் இழுக்கும்போது அந்த எடை கம்பியை வேண்டிய அளவு அழுத்துகிறது, சமயத்தில் அதிகமாகவே. நுனிக்குப் போகப் போக அழுத்தம் குறைவதால் ஆள்காட்டி விரல்தான் ஈடுகட்ட வேண்டும். ஒரே மாதிரி ஒலிக்கும் ஒரு நீண்ட ஸ-வுக்காக வலது கை நொடிக்கு நொடி வேறு வேறு வேலை செய்கிறது. முதல் வாரங்களில் விரலே வைக்கவிடாமல் வெறும் கம்பியில் நீள நீளமாக இழுக்கச் சொல்லும் ஆசிரியர் நேரத்தை வீணடிக்கவில்லை.

வில் தொடும் முதல் கணத்தில் எல்லோருக்கும் குழப்பம்தான். மடிப்பு சீராக ஓடத் தொடங்கச் சில சுற்றுகள் பிடிக்கும். குட்லர், ஆஸ்கன்ஃபெல்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1990-களில் இதைச் சோதித்தார்கள். அழுத்தம் மிகுந்த கரகரப்பு என்றால் சுமார் 50 மில்லிநொடி வரையிலும், அழுத்தம் போதாத கீச்சு என்றால் சுமார் 90 மில்லிநொடி வரையிலும் காது மன்னித்துவிடுகிறதாம். மன்னிப்பு தொடக்கத்துக்கு மட்டும். வயதில் மூத்தவர்கள் அக்கம்பக்கத்துக்குக் கூச்சப்பட்டு வில்லைக் கம்பியின் மேல் மிதக்கவிடுகிறார்கள், கீச்சு கடைசிவரை தொடர்கிறது என்பது என் கணிப்பு. சத்தத்தைக் குறைக்க நினைத்து அவர்கள் செய்வதே சத்தத்தைக் கெடுக்கிறது.

இனி மூளை. சிறு வயதில் தொடங்காவிட்டால் கதவு மூடிவிடும் என்ற பேச்சுக்கு அடிக்கடி சாட்சிக்கு இழுக்கப்படுவது, 1995-இல் ஜெர்மனியின் எல்பர்ட் குழு செய்த ஆய்வு. கம்பி வாத்தியக்காரர்களின் இடது கை விரல்களுக்கு மூளை ஒதுக்கும் இடம் பெரிதாக இருந்தது. இளமையில் தொடங்கியவர்களுக்கு இன்னும் பெரிது. ஆனால் சோதித்த கலைஞர்கள் ஒன்பதே பேர். வில் பிடிக்கும் வலது கையில் வேறுபாடு தெரியவில்லை. நம் வாசகரின் சிக்கல் இருப்பதோ வலது கையில்.

மறுபக்கம், அறுபது வயதுக்காரர்களுக்கு மூன்று பந்துகளை வீசிப் பிடிக்கக் கற்றுக்கொடுத்து, அவர்கள் மூளையிலும் மாற்றம் உண்டு என்று 2008-இல் ஓர் ஆய்வு காட்டியது. இளையவர்கள் அளவுக்கு அவர்களுக்குக் கை வரவில்லை என்பதும் அதே ஆய்வில் உண்டு. அதற்காக வயலின் பழகினால் மறதி நோய் அண்டாது என்று யாராவது விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஆகவே, ஐயா, வில்லை விரல்பலகையின் விளிம்புக்கும் குதிரைக்கும் நடுவே வையுங்கள். ரோஸின் போதுமான அளவு தடவுங்கள். மெதுவாக, கூச்சப்படாமல் அழுத்தி இழுங்கள். செயலிக்கு வைத்திருந்த பணத்தில் எதிரே உட்கார்ந்து உங்கள் வலது மணிக்கட்டைப் பார்க்கும் ஓர் ஆசிரியரைத் தேடிக்கொள்ளுங்கள்.