இரண்டு பகடைகள், நான்கு விதிகள், ஒரு கற்பனைக் கோட்டை

சதுரங்கம் ஆடிக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் குதிரையை எதிரியின் காய்கள் சூழ்ந்துவிட்டன. “என் குதிரை பக்கத்து ஆற்றில் இறங்கி, அக்கரைக்கு நீந்தித் தப்பிவிடுகிறது” என்று நீங்கள் சொன்னால் என்ன ஆகும்? எதிரே இருப்பவர் சிரிப்பார். பலகையில் ஆறு ஏது? குதிரை எப்படிச் செல்லலாம் என்று விதி இருக்கிறது. அதை மீறி ஓர் அடியும் வைக்க முடியாது.

ஆனால் இப்படிச் சொன்னால் சிரிக்காமல், “சரி, ஆற்றில் வெள்ளம் சுழித்து ஓடுகிறது. பகடையை உருட்டு, பார்ப்போம்” என்று பதில் கிடைக்கும் விளையாட்டும் ஒன்று உண்டு. அதற்குப் பலகை வேண்டாம், காய்கள் வேண்டாம். நாலைந்து நண்பர்கள், தாள், பென்சில், இரண்டு பகடைகள் இருந்தால் போதும். ஆங்கிலத்தில் இதை ‘ரோல் பிளேயிங் கேம்’ என்பார்கள். நாம் ‘வேடமேற்பு விளையாட்டு’ என்று சொல்லலாம்.

இதில் ஒருவர் நடுவர். கோட்டை, காடு, பூதம், புதையல் என்று ஒரு மாய உலகத்தை அவர் வாயாலேயே வருணிப்பார். மற்றவர்கள் அந்த உலகத்தில் வாழும் வீரனாகவோ மந்திரக்காரியாகவோ வேடம் ஏற்று, “நான் இதைச் செய்கிறேன்” என்று சொல்வார்கள். எல்லாரும் சேர்ந்து பேசப் பேச ஒரு கதை வளரும். இதில் பணப் பந்தயம் இல்லை. முதலிடம், கடைசி இடம் என்பதும் இல்லை.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. யாரும் எதையும் செய்யலாம் என்றால், அது விளையாட்டாகுமா? எது நடக்கும், எது நடக்காது என்பதை யார் தீர்மானிப்பது? நடுவர் தமக்கு வேண்டிய நண்பனை மட்டும் வெற்றி பெறச் செய்துவிட்டால்? இந்தக் கேள்விக்கு விடை தேடினால் வரலாறும் வரும், கணக்கும் வரும்.

போர்ப் பயிற்சியில் பிறந்தது

1780ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிரன்ஸ்விக் நகரில் ஹெல்விக் என்ற ஆசிரியர், சதுரங்கத்தை விரிவாக்கிப் போர் விளையாட்டு ஒன்றை அமைத்தார். பிறகு 1824ஆம் ஆண்டில் பிரஷ்ய நாட்டுப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ், கட்டங்களை விட்டுவிட்டு உண்மையான நிலப்படத்தின் மேல் ஆடும் விளையாட்டை வெளியிட்டார். ஆடுவோர் தம் கட்டளைகளை நடுவரிடம் கொடுப்பார்கள். நடுவர் பகடையை உருட்டி, அட்டவணைகளைப் பார்த்து, விளைவைச் சொல்வார்.

விளையாட்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் விதிகளும் அட்டவணைகளும் மிகுதி. ஒவ்வொரு மோதலுக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் ஆட்டம் எப்போது நகர்வது? 1876ஆம் ஆண்டில் வெர்டி டு வெர்னுவா என்ற அதிகாரி, இதற்கு நேர் எதிரான வழியைச் சொன்னார்: அட்டவணைகளும் வேண்டாம், பகடைகளும் வேண்டாம், அனுபவம் மிக்க நடுவர் தம் அறிவைக் கொண்டே முடிவு சொல்லட்டும்! ஆட்டம் விரைந்தது. ஆனால் நடுவரின் விருப்பு வெறுப்பே விதியாகிவிடுமே என்ற மறுப்பும் உடன் வந்தது.

ஒரு பக்கம் விதிகளின் சுமை; மறு பக்கம் ஒருவரின் தன்னிச்சை. இவ்விரண்டிற்கும் நடுவே வழி உண்டா?

சுமார் நூறாண்டுகளுக்குப் பிறகு அமெரிக்காவில் இந்தக் கதை தொடர்ந்தது. 1969ஆம் ஆண்டில் மினசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்பவர், படைகளுக்குப் பதிலாக ஆளுக்கொரு பாத்திரத்தைக் கொடுத்து ஒரு போர் விளையாட்டை நடத்தினார். அவரைச் சேர்ந்த குழுவில் இருந்த டேவ் ஆர்னசன் அதே முறையை மாய உலகத்திற்குக் கொண்டுபோனார். ஆர்னசனும் கேரி கைகாக்ஸும் சேர்ந்து உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ 1974ஆம் ஆண்டில் மூன்று சிறு புத்தகங்களாக வெளிவந்தது.

அந்த விளையாட்டிற்கு 4, 6, 8, 12, 20 முகங்கள் கொண்ட பகடைகள் தேவைப்பட்டன. ஏன் இந்த எண்கள்? எல்லா முகங்களும் ஒரே அளவான ஒழுங்குப் பலகோணங்களாக, எல்லா முனைகளும் ஒரே மாதிரியாக அமையும் குவிந்த திண்மங்கள் ஐந்துதான் உண்டு. பண்டைக் கிரேக்கர்களுக்கே தெரிந்த உண்மை இது. அந்த ஐந்துமே பகடைகளாயின.

மறு ஆண்டே, அதாவது 1975இல், அரிசோனா மாநிலத்தைச் சேர்ந்த கென் செயின்ட் ஆண்ட்ரே, ‘டனல்ஸ் அண்டு டிரால்ஸ்’ என்ற எளிய விளையாட்டை வெளியிட்டார். எந்தக் கடையிலும் கிடைக்கும் ஆறு முகப் பகடைகளே அதற்குப் போதும். விதிகளைக் குறைக்கும் முயற்சி அத்துடன் நிற்கவில்லை. 2010ஆம் ஆண்டில் வின்சென்ட் பேக்கர் வெளியிட்ட ‘அபோகலிப்ஸ் வேர்ல்ட்’, இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகையை மூன்று பகுதிகளாகப் பிரித்தது. 2012இல் வந்த ‘டஞ்சன் வேர்ல்ட்’ அதே முறையை மாயக் கதைகளுக்குப் பயன்படுத்தியது. அந்த முறையை ஒட்டி, நீங்கள் இன்றே ஆடத்தக்க நான்கு விதிகளை இங்கே தருகிறோம்.

நான்கே விதிகள்

1. ஒருவர் நடுவர். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் ஏற்க வேண்டும்.

2. ஒவ்வொரு வேடத்திற்கும் வலிமை, சுறுசுறுப்பு, அறிவு என மூன்று திறன்கள். அவற்றுக்கு +1, 0, −1 என்ற எண்களை விருப்பம்போல் பிரித்துக் கொடுங்கள்.

3. நடுவர் நிலைமையைச் சொல்வார். ஆடுபவர் தாம் செய்வதைச் சொல்வார். விளைவு ஐயத்துக்கு இடமானதாக இருந்தால் மட்டும் இரண்டு பகடைகளை உருட்டி, அந்தத் திறனின் எண்ணைக் கூட்ட வேண்டும்.

4. மொத்தம் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் முழு வெற்றி. 7 முதல் 9 வரை வந்தால் வெற்றிதான். ஆனால் ஏதேனும் ஒரு நட்டம் உடன் வரும். 6 அல்லது அதற்குக் கீழே வந்தால் காரியம் கெட்டது. என்ன இடர் வந்தது என்று நடுவர் சொல்வார்.

ஆட்டம் எப்படி நடக்கும் என்று பாருங்கள்.

நடுவர்: எதிரே பாழடைந்த கோட்டை. சுற்றிலும் அகழி. பாலம் இடிந்து, ஒரே ஒரு மரச்சட்டம் மிஞ்சியிருக்கிறது. நீரில் ஏதோ பெரிதாக அசைகிறது. என்ன செய்கிறீர்கள்?

வீரன்: சட்டம் எங்கள் எடையைத் தாங்குமா?

நடுவர்: ஒவ்வொருவராகப் போனால் தாங்கும்.

ஒற்றன்: நான் முதலில் போகிறேன். இடுப்பில் கயிறு கட்டிக்கொள்கிறேன். மறுமுனையை வீரன் பிடித்துக்கொள்ளட்டும்.

நடுவர்: நல்ல யோசனை. இனி நீ தவறி விழுந்தாலும் மூழ்கமாட்டாய். ஆனால் சட்டத்தில் பாசி படிந்திருக்கிறது. கால் தவறினால் கையிலுள்ள பொருள் போய்விடும். சம்மதமா?

ஒற்றன்: சம்மதம். (பகடையை உருட்டுகிறான்.) நான்கும் மூன்றும் ஏழு. சுறுசுறுப்பு ஒன்று. மொத்தம் எட்டு!

நடுவர்: அக்கரை சேர்ந்துவிட்டாய். ஆனால் கடைசி அடியில் கால் வழுக்க, கையிலிருந்த விளக்கு அகழியில் விழுந்தது. கோட்டைக்குள் ஒரே இருட்டு.

மந்திரக்காரி: என் கோலின் நுனியில் வெளிச்சம் வரவழைக்கப் பார்க்கிறேன்!

கவனித்தீர்களா? சட்டம் தாங்குமா என்பதற்கு நடுவர் பகடை உருட்டவில்லை. அது உறுதியாகத் தெரிந்த செய்தி. கயிறு கட்டுவதற்கென்று விதி ஏதும் இல்லை. ஆனாலும் ஒற்றனின் யோசனைக்குப் பலன் கிடைத்தது. நட்டம் என்ன என்பதைப் பகடை விழுவதற்கு முன்பே நடுவர் சொல்லிவிட்டார். நடுவரின் நேர்மைக்கு இதுவே முதல் அடையாளம்.

பகடைக்குள் இருக்கும் கணக்கு

ஒரு பகடையை உருட்டினால் 1 முதல் 6 வரை எல்லா எண்களுக்கும் ஒரே வாய்ப்புத்தான். இரண்டு பகடைகள் என்றால் அப்படியல்ல. ஒன்று சிவப்பு, மற்றது வெள்ளை என்று வைத்துக்கொள்வோம். சிவப்பில் விழும் ஒவ்வொரு எண்ணுடனும் வெள்ளையில் ஆறு எண்கள் சேரலாம். ஆகவே மொத்தம் 6 × 6 = 36 வழிகள். கூட்டுத்தொகை 2 வருவதற்கு ஒரே வழிதான் உண்டு. 3 வருவதற்கு இரண்டு வழிகள்: சிவப்பு 1, வெள்ளை 2, சிவப்பு 2, வெள்ளை 1. இப்படியே ஏறிப்போய் 7க்கு ஆறு வழிகள் ஆகும். பிறகு 8க்கு ஐந்து, 9க்கு நான்கு என்று இறங்கி, 12க்கு மீண்டும் ஒரே வழியில் முடியும்.

சிவப்பு 1, வெள்ளை 2 என்பதையும், சிவப்பு 2, வெள்ளை 1 என்பதையும் தனித்தனியே எண்ண வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். பலர் தடுமாறும் இடம் இது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிலியோவிடம் ஒரு கேள்வி வந்தது. மூன்று பகடைகளில் 9 வருவதற்கும் 6 வகைச் சேர்க்கைகள், 10 வருவதற்கும் 6 வகைச் சேர்க்கைகள்; அப்படியிருந்தும் 10 சற்று அதிகமாக வருகிறதே, ஏன்? அவர் வரிசையையும் கணக்கில் கொண்டு எண்ணினார். மொத்தமுள்ள 216 வழிகளில் 9க்கு 25, 10க்கு 27 என்று கண்டார். குழப்பம் தீர்ந்தது.

இனி நம் விளையாட்டிற்கு வருவோம். 36 வழிகளில் எத்தனை வழிகள் எந்த விளைவைத் தருகின்றன? திறன் எண்ணைக் கூட்டிய பிறகு கிடைப்பது இது:

திறன் −1: இடர் 21, நட்டத்தோடு வெற்றி 12, முழு வெற்றி 3
திறன் 0: இடர் 15, நட்டத்தோடு வெற்றி 15, முழு வெற்றி 6
திறன் +1: இடர் 10, நட்டத்தோடு வெற்றி 16, முழு வெற்றி 10
திறன் +2: இடர் 6, நட்டத்தோடு வெற்றி 15, முழு வெற்றி 15

இரண்டாம் வரியையும் நான்காம் வரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றைத் தலைகீழாகத் திருப்பினால் மற்றது! “போகட்டும், இரண்டு எண் கூடத் தருகிறேன்” என்று நடுவர் ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டினால், அவர் முழு வெற்றி பெறும் வாய்ப்பு 36இல் 6 என்பதிலிருந்து 15ஆக உயர்ந்துவிடும். பார்வைக்குச் சிறிதாகத் தெரியும் எண், ஆட்டத்தையே புரட்டிவிடுகிறது.

நல்ல நடுவரும் விழும் குழி

ஓரவஞ்சனை இல்லாத நடுவரும் கணக்குத் தெரியாவிட்டால் அநீதி செய்துவிடக்கூடும். வீரன் மதிலில் ஏறுகிறான் என்போம். அவன் திறன் 0. ஒரு முறை உருட்டச் சொன்னால், ஏதேனும் ஒரு வகை வெற்றி கிடைக்க 36இல் 21 வழிகள், அதாவது 12இல் 7 பங்கு. பாதிக்கு மேலான வாய்ப்பு.

ஆனால் ஆட்டம் பரபரப்பாக இருக்கட்டும் என்று நடுவர், “அடிவாரத்தில் ஒரு முறை, நடுவில் ஒரு முறை, உச்சியில் ஒரு முறை உருட்டு, ஒன்று தவறினாலும் விழுவாய்” என்றால்? மூன்று முறையும் வெற்றி வேண்டும். 7/12ஐ மூன்று முறை பெருக்கினால் 343/1728. ஏறத்தாழ ஐந்தில் ஒன்று! மதிலும் அதே, வீரனும் அதே. உருட்டும் எண்ணிக்கை மட்டும் கூடியது. வெற்றி எட்டாக் கனியாகிவிட்டது. வீரனாக ஆடும் தோழன், “எனக்கு எப்போதும் துரதிருஷ்டம்தான்” என்று முகம் வாடுவான். அவனை வீழ்த்தியது அதிருஷ்டம் அல்ல, நடுவர் போடாத ஒரு பெருக்கல்.

முதலில் எழுப்பிய கேள்விக்கு இப்போது விடை கூறலாம். விதிகள் குறையும்போது நடுவரின் பொறுப்பு கூடுகிறது. அந்தப் பொறுப்பைத் தாங்க மூன்று பழக்கங்கள் துணை நிற்கும். உறுதியாகத் தெரிந்ததற்குப் பகடை கேட்காதீர்கள். எது போகும், எது கிடைக்கும் என்பதை உருட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். எல்லார் கண்ணெதிரிலும் உருட்டி, விழுந்த எண்ணை மாற்றாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். இவை இருந்தால் நான்கு விதிகளே தாராளம். இல்லாவிட்டால் நானூறு விதிகள் இருந்தும் பயனில்லை.

நீங்களே சோதியுங்கள்

ஆட்டத்திற்கு முன் உங்கள் பகடைகளைச் சோதித்துவிடுங்கள். இரண்டையும் சேர்த்து 108 முறை உருட்டி, ஒவ்வொரு கூட்டுத்தொகையும் எத்தனை முறை வந்தது என்று குறியுங்கள். 7 சுமார் 18 முறையும், 2, 12 ஆகியவை ஒவ்வொன்றும் சுமார் 3 முறையும் வர வேண்டும். சற்று முன்பின் இருப்பது இயல்பே. மிக அதிகமாக விலகினால், மீண்டும் 108 முறை உருட்டுங்கள். மறுபடியும் அதே பக்கமாக விலகினால் பகடையை மாற்றிவிடுங்கள்.

இறுதியாக ஒரு கணக்கு. திறன் +3 ஆனால் 36 வழிகளும் எப்படிப் பிரியும்? எண்ணிப் பார்த்துவிட்டு, மேலே உள்ள நான்கு வரிகளில் எது அதன் தலைகீழ் வடிவம் என்று கண்டுபிடியுங்கள்.

விடை: இடர் 3, நட்டத்தோடு வெற்றி 12, முழு வெற்றி 21. திறன் −1க்குரிய வரியின் தலைகீழ் வடிவம்.