நெடுநாட் கழித்து மீண்டும் மோட்டார் சைக்கிள்

மணமாகிப் பிள்ளைகளும் பிறந்தபின் மோட்டார் சைக்கிளைக் கைவிட்டவர்கள் நம் நாட்டில் அநேகர். பிள்ளைகள் வளர்ந்து, வீட்டுக் கடனும் ஒருவாறு தீர்ந்து, வயது ஐம்பதை எட்டுங் காலத்தில், அவர்களுட் சிலருக்குப் பழைய ஆசை மீண்டும் துளிர்க்கின்றது. பஸ் வண்டியில் நெரிபட மனமில்லை, கார் வாங்கப் பணமில்லை என்பது ஒரு காரணம். இளமை நினைவு மற்றொரு காரணம். அவ்வாசையை நாம் பழிக்க மாட்டோம். ஆனால், “இந்த வயதில் இது தேவைதானா?” என்று வீட்டிலே எழும் கேள்வியும் நகைத்துத் தள்ளத்தக்கதன்று. அதற்குரிய விடை, வாங்கப்போகும் வண்டி எத்தகையது என்பதிலேயே பெரிதும் தங்கியுள்ளது.

முன்னாளில் வண்டி ஓட்டியவர், தமக்கு எல்லாம் தெரியும் என்றே எண்ணுவார். தெரியும் என்பது மெய்யே. 1990களில் பொருளாதாரத் தடை நிலவிய யாழ்ப்பாணத்திலே, சில துளி பெற்றோலை ஊற்றி இயந்திரத்தை எழுப்பி, பின் மண்ணெண்ணெயில் ஓட்டியவர்களுக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. இடர் எங்கே என்றால், அவர் கற்றது மூளையில் மட்டுமன்றிக் கையிலும் காலிலும் பதிந்து கிடக்கின்றது. நாய் ஒன்று குறுக்கே பாயும்போது மூளையைக் கேட்க நேரமில்லை. கையும் காலும் தாமே இயங்கிவிடும். அவை இயங்குவதோ பழைய வண்டிக்கு ஏற்றபடி.

இதனைச் சற்று விரித்துக் கூறுவோம். அக்கால ஆங்கிலேய வண்டிகளில் கியர் வலக்காலிலும், பிறேக் இடக்காலிலும் இருந்தன. 1955ஆம் ஆண்டு முதல் சென்னையிலே உருவான என்பீல்ட் புல்லட்டும் நெடுங்காலம் அவ்வாறே இருந்தது. இடக்காலிலேயே கியர் அமைய வேண்டுமென அமெரிக்கா விதித்த விதி 1970களின் நடுப்பகுதியில் நடைமுறைக்கு வர, ஜப்பானியர் முன்னரே கைக்கொண்ட அம்முறை உலக வழக்காயிற்று. புல்லட் ஓட்டிப் பழகிய முதியவர் ஒருவர் இன்றைய வண்டியில் ஏறி, அவசரத்தில் பழைய பிறேக்கைத் தேடி இடக்காலை அழுத்தினால், அவர் அழுத்துவது கியரையே.

கியர் ஒரே பக்கத்தில் இருப்பினும் ஒழுங்கு வேறுபடும். ஹீரோ ஸ்பிளெண்டர், பஜாஜ் சிடி 100 போன்றவற்றில் எல்லாக் கியர்களும் கீழ்நோக்கி மிதித்தே ஏற்றப்படும். பல்சரிலும் இன்றைய புல்லட்டிலும் முதலாவது மட்டும் கீழே, ஏனையவை மேலே. முந்திய முறையிற் பழகிய கால், பிந்திய வண்டியில் வேகத்தைக் கூட்ட எண்ணி மிதித்தால் கியர் குறைந்துவிடும். பின் சில்லு திடீரெனப் பிடிபட்டு வழுக்கவும் கூடும். ஆகவே, தாம் கடைசியாக ஓட்டிய வண்டியின் ஒழுங்கு யாதென நினைவுகூர்ந்து, அதனையொத்த வண்டியைத் தெரிவு செய்தல் நன்று. நிறத்தையும் புகைக்குழாயின் முழக்கத்தையும் பார்த்துத் தெரிவோருக்கு இது அற்பமாகத் தோன்றும். (அம்முழக்கத்தை விரும்புவோர் யாரெனத் தெருவிலுள்ள எல்லோரும் அறிவர்.)

கியரே வேண்டாமென ஸ்கூட்டரை நாடுவோரும் உளர். குறிப்பாக, முன்பு ஹோண்டா சாலியிலே பாடசாலைக்குச் சென்ற ஆசிரியைகளுக்கு அது நல்ல தெரிவே. ஆயினும் கிளச்சிற் பழகிய ஒருவர் ஒன்றை மறத்தலாகாது. ஸ்கூட்டரில் இடக்கையின் கீழுள்ளது கிளச்சன்று. பின் சில்லின் பிறேக். வளைவிலே கிளச் என எண்ணி அதனை இறுக்கிப் பிடித்தால், மணல் படிந்த தெருவில் வண்டி சரிந்துவிடும்.

பாரத்தைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். ஸ்பிளெண்டர் ஏறக்குறைய 112 கிலோ. ராயல் என்பீல்ட் கிளாசிக் 350 ஏறக்குறைய 195 கிலோ. ஓடும்போது இவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. ஒழுங்கையிற் பின்னுக்குத் தள்ளும்போதும், சரிவிலே ஒற்றைக் காலில் தாங்கும்போதும், முழங்கால் நோவுடையவர் அதனை நன்கு உணர்வார். கடையிலே இருக்கையில் அமர்ந்து, இரு பாதங்களும் நிலத்திற் பதிகின்றனவா என்று பார்க்க வேண்டும். பின் இறங்கி நின்று, கைப்பிடியைப் பற்றித் தள்ளி, நடுத்தாங்கியில் ஏற்றியும் பார்க்க வேண்டும். விற்பவர் முகத்தைச் சுளித்தாலும் பொருட்படுத்த வேண்டியதில்லை.

பிறேக் விடயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்கலாகாது என்பது எமது உறுதியான எண்ணம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீற்றர் கடக்கின்றது. வயதினாலோ பழக்கமின்மையாலோ கை அரை விநாடி தாமதிப்பின், எட்டு மீற்றர் வீணாகின்றது. பழைய டிரம் பிறேக்கை வலிந்து பிடித்துப் பழகியவர், இன்றைய டிஸ்க் பிறேக்கை அவ்வாறே பிடித்தால் முன் சில்லு பூட்டிக்கொள்ளும். அவ்வாறு பூட்டாமற் காப்பதே ஏபிஎஸ் என்னும் அமைப்பு. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல், 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு இது கட்டாயமாக்கப்பட்டது. பழைய வண்டியை வாங்குவோர், இவ்வமைப்பு உண்டா என்று விசாரித்தே விலை பேச வேண்டும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இன் தொடக்கத்திலேதான் மீண்டும் வழமைக்குத் திரும்பியது. அவ்விடைக்காலத்திற் பழைய வண்டிகள் கைமாறிக் கைமாறி ஓடின. ஆதலால் மினுக்கிய வர்ணத்தை நம்பாது ரயரைப் பார்க்க வேண்டும். அதன் பக்கத்தில் ஒரு நான்கிலக்க எண் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றிருப்பின், அந்த ரயர் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்திற் செய்யப்பட்டது என்பது பொருள். தேயாத ரயரும் ஆண்டுகள் செல்ல இறுகி, மழையிற் பிடிப்பை இழக்கும். அலுமாரியின் மேற் கிடக்கும் பழைய தலைக்கவசத்தின் நிலையும் இதுவே. அதனுள் இருக்கும் மெத்தை காலத்தால் நலிவதனால், புதியதொன்றின் விலையையும் வண்டியின் விலையோடு சேர்த்தே கணக்கிடுதல் வேண்டும்.

சாரதி அனுமதிப்பத்திரத்தையும் எடுத்துப் பார்ப்பது அவசியம். 100 சிசிக்கு உட்பட்ட வண்டிக்கு மட்டும் அனுமதி பெற்றவர், 150 சிசி வண்டியை வாங்கிவிட்டுப் பின்னர் வருந்துவதில் பயனில்லை. காலாவதியாகியிருப்பின், புதுப்பிக்க மருத்துவச் சான்றிதழும் வேண்டும். அதற்கென்று கண்ணைப் பரிசோதித்துக்கொள்வது எவ்வகையிலும் நட்டமன்று; எதிர்வரும் வாகனத்தின் ஒளியில் இரவிலே கண் கூசுவதைப் பலர் வண்டியில் ஏறிய பின்னரே அறிகின்றனர்.

வண்டி வீட்டுக்கு வந்தபின், முதற் சில கிழமைகள் விடியற்காலையில், சனநடமாட்டமற்ற மைதானத்திலோ தெருவிலோ தனியே ஓட்டிப் பழகுதல் வேண்டும். நிறுத்திப் புறப்படுதல், மெல்லத் திரும்புதல், முன் பிறேக்கைப் படிப்படியாக இறுக்குதல் ஆகிய மூன்றுமே போதும். பின்னால் ஒருவர் ஏறியதும் வண்டியின் குணமே மாறிவிடும். நிறுத்தும் தூரமும் நீளும், வளைவிற் சரியும் விதமும் வேறாகும். ஆகையால், “இந்த வயதில் தேவைதானா?” என்று கேட்ட அம்மையாரைக் கோயிலுக்கு ஏற்றிச் செல்வதற்கு ஒரு மாதமாவது பொறுத்திருக்கலாம், அவரும் அவசரப்படமாட்டார் என்றே நினைக்கின்றோம்.