தொழுவத்தில் பிறந்த தெய்வம்

டிசம்பர் மாதம் வந்துவிட்டால் தோட்டத்து லயங்களில் கிறிஸ்துவர் வீடு எது என்று யாரும் கேட்கத் தேவையில்லை. மூங்கில் சிம்பில் வண்ணக் காகிதம் ஒட்டிய நட்சத்திரம் வாசலில் தொங்கும். உள்ளே ஒரு மூலையில் சிறு குடில். காய்ந்த புல்லைப் பரப்பி மாடு, கழுதை, ஆட்டிடையர் பொம்மைகளை வைத்திருப்பார்கள். நடுவில் ஒரு குழந்தை. நம் பிள்ளைகள் அதைப் பார்க்க ஓடுவார்கள், பலகாரமும் கிடைக்குமல்லவா!

அன்பு வாசகர்களே, அந்தக் குடிலின் முன் நின்றபோது ஒரு கேள்வி உங்கள் மனத்தில் எழுந்ததுண்டா? தெய்வத்தைப் பொன்னூஞ்சலில் இட்டுத் தாலாட்டுவது நாம் அறிந்த வழக்கம். இவர்கள் ஏன் தங்கள் தெய்வத்தை மாட்டுக்குத் தீனி போடும் தொட்டியில் கிடத்தியிருக்கிறார்கள்?

காரணம் இதுதான். உலகைப் படைத்த கடவுளே ஒரு தாயின் வயிற்றில் பிறந்து, நம்மைப் போல ஒரு மனிதராக வாழ்ந்தார் என்பது அவர்கள் நம்பிக்கை. அதுவும் எப்படிப்பட்ட மனிதராக? சத்திரத்தில் இடமில்லாததால் குழந்தையைத் தீனித் தொட்டியில் கிடத்தினார்கள் என்று லூக்கா எழுதிய நற்செய்தி சொல்கிறது. செய்தி முதலில் போய்ச் சேர்ந்தது அரண்மனைக்கு அல்ல, இரவில் ஆட்டுக்குக் காவலிருந்த இடையர்களுக்கு. அதே நூலில் பலர் கவனிக்காமல் தாண்டிவிடும் ஒரு செய்தியும் உண்டு. யூதர் முறைப்படி ஆண் குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆனபின், தாய் ஓர் ஆட்டுக்குட்டியைக் காணிக்கையாகச் செலுத்த வேண்டும். ஆட்டுக்கு வழியில்லாத ஏழைக்கு மட்டும் ஒரு சலுகை: இரண்டு புறாக்கள் போதும். மரியாளும் சூசையும் செலுத்தியது அந்தப் புறாக் காணிக்கைதான். கையில் காசில்லாமல் பிள்ளைக்குச் சடங்கு செய்த எந்தத் தாய்க்கும் இது புரியும்.

வளர்ந்தபின் நாசரேத்து என்ற சிற்றூரில் தச்சு வேலை செய்தார். நடந்து களைத்துக் கிணற்றடியில் உட்கார்ந்து, தண்ணீர் மொள்ள வந்த பெண்ணிடம் குடிக்கக் கேட்டார். நண்பன் கல்லறை முன் அழுதார். சாவுக்கு முந்திய இரவில், இந்தத் துன்பம் என்னைவிட்டு நீங்கக் கூடாதா என்று மன்றாடினார்.

கடவுளுக்குப் பசியா, அழுகையா என்று அந்தக் காலத்திலேயே முகம் சுளித்தவர்கள் உண்டு. உடம்பு வெறும் தோற்றம்தான் என்றார்கள் சிலர். இல்லை, இவர் கடவுளால் படைக்கப்பட்டவர்களில் உயர்ந்தவர், அவ்வளவுதான் என்றார் ஆரியுஸ் என்ற குரு. இன்றைய துருக்கியிலுள்ள நிக்கேயாவில் 325ஆம் ஆண்டிலும், கால்சிதோனில் 451ஆம் ஆண்டிலும் ஆயர்கள் கூடி, இவர் முழுக் கடவுள், முழு மனிதர் என்று முடிவு கட்டினார்கள். அது எப்படி முடியும் என்றால், அந்தச் சபைகளும் விளக்கிக் காட்டவில்லை. இரண்டில் எதையும் விட்டுவிடாதே என்று வேலி போட்டதோடு சரி.

வேலிக்குள் இருந்ததை எளிய மக்களுக்குக் காட்டியவர் அசிசி நகர் பிரான்சிஸ். துணி வியாபாரி மகன். தகப்பன் சொத்தை உதறிவிட்டு ஏழையாய்த் திரிந்தவர். 1223ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்குச் சுமார் இரண்டு வாரம் முன்பு, இத்தாலியில் கிரெச்சியோ என்ற மலையூரில் தமக்கு வேண்டிய ஒருவரிடம் ஒரு காரியம் சொன்னார். அந்தக் குழந்தை பட்ட சிரமத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். வைக்கோலும் தொட்டியும் மாடும் கழுதையும் ஏற்பாடு செய்யுங்கள் என்பதே அது. அன்றிரவு சுற்றுப்புற மக்கள் தீப்பந்தமும் மெழுகுவத்தியுமாகக் காடு ஒளிர வந்து சேர்ந்தார்கள். பூசை அந்தத் தொட்டியின் மேலேயே நடந்தது. பெத்லகேம் என்ற பேரைச் சொல்லும்போது பிரான்சிஸின் குரல் ஆட்டுக்குட்டி கத்துவது போல் குழைந்ததாம்! அவர் வரலாற்றைச் சில ஆண்டுகளில் எழுதிய தாமஸ் என்ற துறவி இதையெல்லாம் குறித்து வைத்திருக்கிறார். (மாடும் கழுதையும் லூக்காவின் கதையில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏசாயா தீர்க்கதரிசியின் ஒரு வாக்கிலிருந்து வந்து புகுந்துகொண்டவை அவை.)

அவதாரம் நமக்குப் புதிதா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இந்த இரண்டையும் உள்ளிருந்து அறிந்த ஒரு தமிழர் இருந்தார். திருநெல்வேலிச் சீமையில் 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ண பிள்ளை. கம்பனில் ஊறிய புலவர். சாயர்புரம் மிஷன் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர், 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். சாதிக்கட்டும் உறவுக்கட்டும் எவ்வளவு இறுக்கமாக இருந்த காலம் அது! ஆயினும் தாம் வளர்ந்த தமிழை அவர் விடவில்லை. ஜான் பனியனின் கதையைத் தழுவி, காவிய நடையில் 'இரட்சணிய யாத்திரிகம்' பாடி 1894இல் வெளியிட்டார். பெருமாளை நோக்கி ஆழ்வார்கள் உருகிய உருக்கம் அதில் இயேசுவை நோக்கிப் பாய்கிறது. வைணவர், தருமம் தாழும்போதெல்லாம் திருமால் இறங்கி வருவார் என்பர். கிறிஸ்துவர், ஒரே முறைதான் என்பர். எடுத்த உடம்பைக் களையவுமில்லை, உயிர்த்தெழுந்த பின்னும் ஆணித் தழும்பு கையில் இருந்தது என்பர். ஒன்றை மற்றதன் மறுபெயர் என்று சொல்வது இரண்டு பேருக்கும் நியாயமாகாது.

இன்னொன்று. கோயிலில் நூறு பேர் சேர்ந்து விசுவாசப் பிரமாணம் சொல்லும்போதும் அது 'விசுவாசிக்கிறேன்' என்று ஒருமையில்தான் தொடங்குகிறது. கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் சபைகளில், பிள்ளைக்காக ஞானத் தாய் தந்தையர் பதில் சொல்வார்கள். வளர்ந்தபின் உறுதிப்பூசுதல் அல்லது திடப்படுத்தல் என்ற சடங்கில் அந்தப் பிள்ளையே தன் வாயால் சொல்ல வேண்டும். அப்பா நம்பினார் என்பது மகனுக்கு ஆகாது. எனக்காக வந்தார் என்று அவனே சொல்லியாக வேண்டும்.

அதனால்தான் ஒரு வீட்டில் ஒருவர் மட்டும் இந்த நம்பிக்கைக்குப் போகும்போது வேதனை இவ்வளவு ஆழமாகப் பாய்கிறது. போனவருக்கு அது வெறும் மதம் மாற்றமாகத் தோன்றாது. யாரோ தன்னைப் பேர் சொல்லி அழைத்ததாகத் தோன்றும். வீட்டிலிருப்பவருக்கோ, குலதெய்வப் படையலில் ஓர் இலை குறைகிறது. அந்தத் தாயின் கண்ணீரை அறியாமை என்று தள்ளுகிறவர்களும் தவறுகிறார்கள். பிள்ளையை யாரோ மயக்கிவிட்டார்கள் என்று முடிவு கட்டுகிறவர்களும் தவறுகிறார்கள். என்ன கண்டாய் என்று பிள்ளையிடம் கேட்டதுண்டா? அம்மா, உனக்கு எது வலிக்கிறது என்று தாயிடம் கேட்டதுண்டா?

குடிலைப் பல வீடுகளில் ஜனவரி 6ஆம் தேதி வரை கலைக்க மாட்டார்கள். மூன்று ஞானிகள் வந்து வணங்கிய திருநாள் அது. பக்கத்து வீட்டில் குடில் இருந்தால் அதற்குள் ஒருநாள் மாலை போய் உட்காருங்கள். தொட்டியில் ஏன் கிடத்தினீர்கள் என்று அந்த வீட்டுப் பெரியவரிடமே கேளுங்கள். சந்தோஷமாகச் சொல்வார்.